சதியபுதோ: யவன அரசியலில் தகடூரின் இடம்

(மொரப்பூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொல்லப்பட்டவை சுருக்கப்பட்டுள்ளன.)



மொரப்பூர் ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்கோ சேலம் வண்டிக்கோ காத்து நின்றவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அங்கிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குறுகிய இருப்புப்பாதை போடப்பட்டது. பஞ்ச காலத்தில் உள்நாட்டுக்குத் தானியம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான பாதை அது. 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல் நின்றுபோனது. அந்தச் சின்ன வண்டியில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இவ்வட்டாரத்தில் இருக்கிறார்கள். மலைக்கும் மேட்டுக்கும் நடுவிலிருந்த ஒரு நாட்டை, கடலை நோக்கிப் போகும் நெடும்பாதையோடு சேர்த்துவைத்த முனை மொரப்பூர்.

இன்றைய பேச்சு இதைவிட இரண்டாயிரம் ஆண்டு பழைய இணைப்பு ஒன்றைப் பற்றியது. தகடூர் என்று அன்று பெயர் பெற்றிருந்த தருமபுரிக்கும், கிரேக்கரும் ரோமரும் ஆண்ட மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் இருந்த இணைப்பு.

யவனத் தொடர்பு என்றதும் நம் பாடப்புத்தகங்கள் சொல்வது மிளகு, முத்து, மதுக்குடம், பொற்காசு. கப்பல் வந்தது, சரக்கு ஏறியது, காசு இறங்கியது, அத்தோடு முடிந்தது. பொய் அல்ல, ஆனால் பாதிக்கதை. கப்பல் ஏன் ஒரு காலத்தில் இருபதாகவும் இன்னொரு காலத்தில் நூற்றிருபதாகவும் இருந்தது? காசு ஏன் ஒரு குறிப்பிட்ட ஆண்டோடு நிறம் மாறியது? இவற்றுக்கு விடை சந்தையில் இல்லை. போர்க்களத்திலும் அரண்மனையிலும் இருக்கிறது. யவனத் தொடர்பு முதலில் ஓர் அரசியல் தொடர்பு, வணிகம் அதன் வழியே வந்தது, அந்த அரசியலில் தகடூருக்கும் பெயரோடு கூடிய ஓர் இடம் இருந்தது என்பதே இச்சொற்பொழிவின் வாதம்.

1. ஒரே பட்டியலில் இருந்த மன்னர்கள்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அசோகர் தம் ஆணைகளைப் பாறைகளில் வெட்டச் செய்தார். அவற்றுள் இரண்டாவது ஆணை மருத்துவம் பற்றியது. மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ உதவி, மூலிகைகளை நட்டு வளர்த்தல், வழிநெடுகக் கிணறும் மரமும். இவை தம் ஆட்சிப் பகுதியில் மட்டுமல்ல, எல்லைக்கு அப்பாலும் நடக்கின்றன என்று சொல்லி ஒரு பட்டியல் தருகிறார். சோழர், பாண்டியர், சதியபுதர், கேரளபுதர், தாம்பிரபரணி என்னும் இலங்கை, அந்தியோகன் என்னும் யவன அரசன், அவனுடைய அண்டை மன்னர்கள். தெற்கே ஆந்திரத்தின் கர்நூல் மாவட்டத்து எர்ரகுடிப் பாறையிலும் இந்த ஆணை இருக்கிறது.

சோழர், பாண்டியர், சேரர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. சதியபுதர் யார்? இந்தக் கேள்வியோடு அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மல்லாடினார்கள். மராட்டியத்தில் தேடியவர்கள் உண்டு. சத்தியமங்கலம் என்றார்கள், காஞ்சிபுரம் என்றார்கள். தகடூர் அதியமான்களே சதியபுதர் என்று கே.ஜி. சேஷ ஐயர் எழுதியபோது அது நல்ல ஊகமாகவே நின்றது, கையில் சான்று இல்லை.

சான்று 1981இல் கிடைத்தது. திருக்கோவிலூர் வட்டாரத்தில் ஜம்பை என்னும் ஊரின் குன்றில், சமணத் துறவியர் தங்கிய குகைத்தளம் ஒன்றில், தமிழ்-பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி. அந்தப் பாளியை, அதாவது உறைவிடத்தை, ஈந்தவன் அதியன் நெடுமான் அஞ்சி என்கிறது அந்த வரி. பெயருக்கு முன்னால் ‘சதியபுதோ’ என்ற சொல் நிற்கிறது. நூறாண்டுக் கேள்விக்கு ஒரே வரியில் விடை! தமிழ்நாடு தொல்லியல் துறையின் கண்டெடுப்புகளில் இதற்கு ஈடானவை மிகச் சில.

ஜம்பை எங்கே இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தென்பெண்ணை ஆற்றங்கரையில். இருமத்தூரைத் தொட்டு, அனுமன்தீர்த்தத்தைக் கடந்து போகும் அதே தென்பெண்ணை. இந்த ஊர் மக்கள் ஆடிப்பெருக்கில் மூழ்கி எழும் தண்ணீர்தான் சாத்தனூரைத் தாண்டி அந்தக் குன்றின் பக்கம் போகிறது.

இப்போது பட்டியலின் மறுபாதிக்கு வருவோம். பதின்மூன்றாம் ஆணையில் அசோகர் ஐந்து யவன மன்னர்களின் பெயரைச் சொல்கிறார். சிரியாவின் இரண்டாம் அந்தியோக்கஸ், எகிப்தின் இரண்டாம் தாலமி, மக்கெதோனியாவின் அந்திகோனஸ், சைரீனியின் மாகஸ், அலெக்சாண்டர் என்ற பெயருடைய ஒருவர். கடைசியாகச் சொன்னவரை எபிரஸ் நாட்டு மன்னர் என்று பலரும், கொரிந்து ஆண்டவர் என்று சிலரும் கொள்கிறார்கள். இந்த ஐவரும் நண்பர்கள் அல்லர். அந்தியோக்கஸும் தாலமியும் அப்போது சிரியா நாட்டுக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். மாகஸ் தாலமியின் தாய்வழிச் சகோதரன். எகிப்திலிருந்து பிரிந்து தனி முடி சூடியவன். எபிரஸ் நாட்டு அலெக்சாண்டர் அந்திகோனஸின் நாட்டுக்குள் படையெடுத்துப் புகுந்தவன். மாமன்னர் அலெக்சாண்டர் கி.மு. 323இல் பாபிலோனில் இறந்த பிறகு அவருடைய தளபதிகளின் பிள்ளைகளும் பேரன்களும் அடித்துக்கொண்ட கதை அது.

அந்தச் சண்டைக்கார மன்னர்கள் ஒருபுறம், தகடூர் நாட்டார் மறுபுறம், நடுவில் மோரியப் பேரரசு. பாடலிபுத்திரத்தில் அமர்ந்திருந்தவர் கண்ணுக்கு இருவரும் ஒரே வகை: தம் ஆட்சிக்கு வெளியே நின்ற, தூது அனுப்பத் தக்க அரசுகள். இந்த ஒரு செய்தியை நம் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பேசுபவரின் ஆசை.

2. யானை திறந்த கடல்வழி

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நடக்கலாம். ஓசூர்க் காட்டிலிருந்து இறங்கி ராகித் தோட்டத்துக்குள் புகும் யானையை அறிந்தவர்கள் இந்த அவையினர். யானைக்கும் யவன அரசியலுக்கும் உள்ள தொடர்பு மற்ற ஊரைவிட இங்கே எளிதாக விளங்கும்.

அலெக்சாண்டரின் தளபதிகளுள் ஒருவரான செலூக்கஸ், கி.மு. 303ஐ ஒட்டி சந்திரகுப்த மோரியரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். காந்தாரம் உள்ளிட்ட கிழக்கு நிலப்பகுதிகளை விட்டுக்கொடுத்தார். கைமாறாக அவர் பெற்றது 500 போர்யானைகள். கேட்பதற்கு நட்டக் கணக்காகத் தோன்றும். ஆனால் கி.மு. 301இல், இன்றைய துருக்கியிலுள்ள இப்சஸ் என்ற இடத்தில், அந்த யானைகள் ஒரு பேரரசின் தலையெழுத்தை முடிவு செய்தன. எதிரியாக நின்ற, அலெக்சாண்டரின் மற்றொரு தளபதியான முதல் அந்திகோனஸின் மகன் டெமட்ரியஸ் தன் குதிரைப்படையோடு துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டான். திரும்பி வரும் வழியை செலூக்கஸின் யானைகள் அடைத்து நின்றன. பழக்கமில்லாத குதிரை யானையின் வாடைக்கே மிரளும். மகன் வந்து சேர முடியவில்லை. எண்பது வயதைத் தாண்டிய தந்தை களத்திலேயே மாண்டார். அலெக்சாண்டரின் பேரரசை ஒரே குடைக்கீழ் வைக்கும் கடைசி முயற்சி அன்றோடு முடிந்தது. இந்தியக் காட்டில் பிடிபட்டு, இந்தியப் பாகர்களால் பழக்கப்பட்ட விலங்குகள் அவை.

இதன் விளைவு எகிப்தில் தெரிந்தது. செலூக்கஸின் வழிவந்தவர்கள் இந்தியாவுக்குப் போகும் தரைவழியைக் கையில் வைத்திருந்தார்கள். அவர்களோடு ஓயாமல் போரிட்ட தாலமிகளுக்கு இந்திய யானை கிடைக்க வழியில்லை. என்ன செய்வது? இரண்டாம் தாலமி செங்கடல் கரையோரம் தெற்கே ஆள் அனுப்பினார், ஆப்பிரிக்க யானைகளைப் பிடித்துவர. பிடித்த யானையைக் கப்பலில் ஏற்றி இறக்கத் துறைமுகங்கள் வேண்டும். அவற்றுள் ஒன்றைக் கி.மு. 275ஐ ஒட்டி நிறுவித் தம் தாயின் பெயரை வைத்தார்: பெரெனிகே.

யானைக்காகக் கட்டிய அந்தத் துறைதான் பின்னர் மிளகுத் துறையாயிற்று. பெரெனிகேயின் செராபிஸ் கோயில் முற்றத்தில் இந்தியாவில் வனைந்த பெரிய சாடி ஒன்றைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்தார்கள். உள்ளே 7.55 கிலோ மிளகு, கரி நிறம் மாறாமல். அதற்கு வடக்கே மியோஸ் ஹோர்மோஸ் துறை இருந்த குசேர் அல்-கதிமில் தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. ‘பானை ஒறி’ என்று, அதாவது உறியில் தொங்கும் பானை என்று, ஒரு சமையற்கட்டுச் சொல்லும் இருக்கிறது. வணிகம் செய்யப் போனவர்கள் நம்மவர்கள். ஆனால் அவர்கள் காலூன்றிய துறை, சிரியாவும் எகிப்தும் பகைத்துக்கொண்டதால் பிறந்தது. அந்தப் பகை இல்லையேல் தாலமிக்கு யானை வேட்டை தேவைப்பட்டிருக்காது. பெரெனிகேயும் அந்த இடத்தில் எழுந்திருக்காது.

எகிப்து அத்தனை பாடுபட்டுச் சேர்த்த யானைகளின் கதி என்ன? கி.மு. 217இல் ரஃபியா என்ற களத்தில் நான்காம் தாலமியின் ஆப்பிரிக்க யானைகள், மூன்றாம் அந்தியோக்கஸின் இந்திய யானைகளின் பிளிறலையும் வாடையையும் தாங்காமல் ஓடின என்று வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். ஆனாலும் போரில் வென்றது காலாட்படையைத் திறம்பட நடத்திய தாலமியே.

3. இந்தியாவுக்குப் புறப்பட்ட இளவரசன்

கி.மு. 31 செப்டம்பரில் கிரேக்கக் கரையில் ஆக்டியம் என்ற இடத்தில் ஒரு கடற்போர். ஒருபக்கம் பின்னாளில் அகஸ்டஸ் என்று பெயர் பெற்ற ஆக்டேவியன். மறுபக்கம் ஆண்டனியும் கிளியோபாட்ராவும். தோற்றவர்கள் அலெக்சாந்திரியாவுக்குத் திரும்பினார்கள். அதன்பின் கிளியோபாட்ரா செய்தது நமக்கு நெருக்கமான செய்தி. மத்தியதரைக் கடலில் நின்ற கப்பல்களைத் தரைமேல் இழுத்துச் சென்று செங்கடலில் இறக்க முயன்றார், ரோமின் கை எட்டாத தூரம் போய்விட. செங்கடல் கரைக்கு வந்த முதல் கப்பல்களை பெட்ரா நாட்டு அரபியர் கொளுத்திவிட்டார்கள்.

அடுத்து மகனை அனுப்பினார். ஜூலியஸ் சீசருக்குப் பிறந்தவன் என்று சொல்லப்பட்ட சீசரியன். வயது பதினேழு. பெரும் செல்வத்தோடு எத்தியோப்பியா வழியாக இந்தியாவுக்கு அவனை அனுப்பிவைத்தார் என்று கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் எழுதுகிறார். வழியில் அவனுடைய ஆசிரியன் மனத்தை மாற்றினான்: திரும்பிப் போனால் அரசு கிடைக்கும் என்றான். பையன் திரும்பினான், கொல்லப்பட்டான்.

அவன் வந்து சேர்ந்திருந்தால் எந்தத் துறையில் இறங்கியிருப்பான்? முசிறியா, வடக்கே பரிகாசாவா? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பயனில்லை. ஆனால் எகிப்தின் அரசி, உலகமே கைவிட்ட நாளில், தன் மகனுக்கு அடைக்கலம் தரும் நாடு என்று நினைத்தது இந்தியாவை. முன்பின் அறியாத இடத்துக்கு யாரும் தம் வாரிசை அனுப்புவதில்லை. தூதும் பழக்கமும் அந்த அளவுக்கு இருந்தன.

கி.மு. 30 ஆகஸ்டில் அலெக்சாந்திரியா வீழ்ந்தது. எகிப்து ரோமின் சொத்தாயிற்று. நான்கைந்து ஆண்டு கழித்து எகிப்தின் ஆளுநர் ஏலியஸ் கல்லஸுடன் நைல் வழியே பயணம் செய்த புவியியலாளர் ஸ்ட்ராபோ, மியோஸ் ஹோர்மோஸிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்படுவதைக் கேட்டறிந்து எழுதுகிறார். தாலமிகளின் காலத்தில் செங்கடல் வாயைத் தாண்ட 20 கப்பல்கூடத் துணியவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். பருவக்காற்று புதிதாக வீசத் தொடங்கவில்லை. மிளகுக் கொடி கூடுதலாகக் காய்க்கவும் இல்லை. மாறியது ஆட்சி. உள்நாட்டுப் போர் ஓய்ந்தது, ரோமின் பணம் நேராகச் செங்கடலுக்கு வந்தது, இறக்குமதி மீது விதித்த நாலில் ஒரு பங்கு வரியால் அரசும் கொழுத்தது. இந்த வரியின் கனம் எவ்வளவு என்பதை வியன்னாவிலுள்ள முசிறிப் பாப்பிரஸ் காட்டுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஹெர்மபொல்லோன் என்ற ஒரே கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் என்னும் ரோமக் காசு.

தமிழ் மன்னர்கள் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இந்தியாவில் ஓர் இடத்திலிருந்து, ஒரு மன்னனிடமிருந்து, அகஸ்டஸுக்குத் தூதும் பரிசும் வந்தன என்கிறார் ஸ்ட்ராபோ. பாண்டியன் என்கிறார், போரஸ் என்று சொல்வாரும் உண்டு என்கிறார். அந்தியோக் நகரில் அந்தத் தூதரைக் கண்ட டமாஸ்கஸ் நிக்கொலாஸ் எழுதியதையும் அவர் எடுத்துத் தருகிறார். பயணத்தின் நீளத்தால் பலர் இறந்து மூவரே மிஞ்சியிருந்தார்கள். தோலில் கிரேக்க மொழியில் எழுதிய கடிதம் அவர்கள் கையில் இருந்தது. உடன் வந்த துறவி ஒருவர் பின்னர் ஏதென்ஸில் தீப்புகுந்தார். அவர் கல்லறை அவரைப் பரிகாசாக்காரர் என்றது. ஆகவே வந்தது ஒரு தூதா, பல தூதுகள் கலந்துவிட்டனவா என்பதில் அறிஞரிடையே பேச்சு உண்டு. அகஸ்டஸ் தம் சாதனைகளை வரிசைப்படுத்திய கல்வெட்டிலேயே இந்திய அரசர்களின் தூது அடிக்கடி வந்தது என்று பன்மையில் எழுதியிருக்கிறார். அதற்கு முன் எந்த ரோமத் தளபதியும் கண்டதில்லை என்றும் பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. சொந்த நாட்டாரைக் கொன்று ஆட்சிக்கு வந்தவருக்கு, தொலைதூர மன்னர்கள் நட்பு நாடி வருகிறார்கள் என்பது ரோம மக்கள்முன் காட்டத்தக்க சான்று. நம் பக்கத்து மன்னருக்கும் அதனால் பயன் இருந்திருக்கும். எந்தத் துறையில் யவனக் கப்பல் நிற்கும் என்பது மூவேந்தரிடையே வலிமைக் கணக்கு. இரு பக்கமும் அரசியல் செய்தார்கள்.

4. கொங்கு நாட்டில் விழுந்த ரோமச் செய்தி

வெள்ளலூர், கரூர், பொள்ளாச்சி, பூதிநத்தம் என்று கொங்கு நாடெங்கும் ரோமக் காசுப் புதையல்கள் கிடைத்துள்ளன. வெள்ளலூரில் மட்டும் 1842இல் 522 வெள்ளிக்காசுகள். படியூரின் பச்சைக்கல்லும் கொடுமணலின் மணியும் இரும்பும் இந்தக் காசை இழுத்து வந்தன.

இந்த வெள்ளிக்காசுகளில் அடிக்கடி காணப்படும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். ஒருபக்கம் அகஸ்டஸின் தலை. மறுபக்கம் இரண்டு இளைஞர்கள், நடுவே கேடயமும் ஈட்டியும். கயஸ், லூசியஸ் என்ற அந்த இருவரும் அகஸ்டஸின் மகள்வழிப் பேரன்கள். அவர் மகன்களாகச் சுவீகரித்தவர்கள். எனக்குப் பின் இவர்களே என்று உலகத்துக்கு அறிவிக்கும் காசு அது. இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அச்சிடப்பட்டது. லூசியஸ் கி.பி. 2இல் இறந்தான், கயஸ் கி.பி. 4இல் இறந்தான். அரியணை ஏறியது டைபீரியஸ். வாரிசுகள் மண்ணுக்குள் போன பிறகும் வாரிசு அறிவிப்பு நொய்யல் கரையில் கைமாறிக்கொண்டிருந்தது. நல்ல வெள்ளி என்ற நம்பிக்கை அந்த இரண்டு உருவத்தின் மேல் விழுந்துவிட்டது. அதே உருவத்தைப் பார்த்து இந்தியாவிலேயே போலிக்காசும் அடித்தார்கள்.

வெள்ளி வெளியே போவது ரோமில் அரசியல் சிக்கலாயிற்று. கி.பி. 22இல் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்துவது பற்றி மேலவைக்கு எழுதிய டைபீரியஸ், மணிகளுக்காக நம் பணம் அயலார் கைக்கும் பகைவர் கைக்கும் போகிறதே என்று குறைப்பட்டார். ரோம எழுத்தாளர் பிளினி கணக்கே போட்டார்: ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது. நான்கு செஸ்டர்ஸ் ஒரு வெள்ளிக்காசு என்றால் 1 கோடியே 25 லட்சம் வெள்ளிக்காசு.

கி.பி. 64 ஜூலையில் ரோம் எரிந்தது. அதே ஆண்டு நீரோ காசின் எடையைக் குறைத்தார். ஒரு ராத்தல் பொன்னில் 40 காசு அடித்த இடத்தில் 45. ஒரு ராத்தல் வெள்ளியில் 84 அடித்த இடத்தில் 96. வெள்ளியின் தூய்மையும் இறங்கியது. எரிந்த நகரை எழுப்பவும் தமக்குப் பொன்மாளிகை கட்டவும் பணம் வேண்டியிருந்தது. கொங்குப் புதையல்களைப் பாருங்கள்: அகஸ்டஸும் டைபீரியஸும் குவிந்து கிடக்கிறார்கள், நீரோ குறைத்த வெள்ளிக்காசு தென்படுவதே அரிது. பின்னாளில் ஏற்றி அனுப்பியபோதும் பழைய காசையே பொறுக்கி அனுப்பியிருக்கலாம். அப்படியானாலும் இங்கே இருந்தவர்கள் பழையதைத்தான் ஏற்றார்கள் என்றுதான் பொருள். உரைத்துப் பார்க்கவும் நிறுத்துப் பார்க்கவும் தெரிந்த கை அது. ரைன் ஆற்றுக்கு அப்பாலிருந்த ஜெர்மானியரும் பழகிய பழங்காசையே விரும்பினர் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். ரோமப் பேரரசின் இரு எல்லைக்கு வெளியிலும் மக்கள் அரண்மனையை ஒரே முறையில் எடைபோட்டார்கள்.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகள் இன்னொரு செய்தி சொல்கின்றன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. காசாகச் செல்லாது, பொன்னாக எடுத்துக்கொள் என்று காட்டுவதற்கான வெட்டு என்பர். அயல் மன்னன் முகத்தோடு இங்கே காசு புழங்க வேண்டாம் என்று ஓர் அரசு முடிவு செய்ததன் அடையாளமாகவும் அதைக் கொள்ளலாம். பேசுபவரின் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது.

5. தகடூரின் சொந்த அரசியல்

இதே காலச் சூழலில்தான் தகடூரின் போர்களும் நடக்கின்றன. கோவலூர் மலையமான் காரி, கொல்லிமலை ஓரி, தகடூர் அதியமான் மூவரும் குன்று சார்ந்த தலைவர்கள். அதியமான் கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார். காரி சேரனுக்காக ஓரியைக் கொன்றான். கொல்லி சேரன் கைக்குப் போயிற்று. அடுத்துப் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரையே எறிந்தான். அரிசில் கிழார் அவனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடினார்.

இதை வீரக் கதையாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கரூரில் இருக்கும் இரும்பொறைக்குக் கொல்லியும் தகடூரும் ஏன் வேண்டும்? மைசூர் மேட்டுநிலத்திலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் வழி தொப்பூர்க் கணவாயில் இருக்கிறது. கிழக்கே செங்கம் வழி இருக்கிறது. மேற்குக் கடற்கரைத் துறையிலிருந்து கிழக்கே போகும் பொருளின் பாதையைக் கரூர் பிடித்திருந்தது. வடக்கே போகும் பாதையின் பூட்டு தகடூரிடம் இருந்தது. யவனக் காசு கொங்கில் குவியக் குவிய அந்தப் பூட்டின் மதிப்பும் ஏறியிருக்கும். தகடூரின் வீழ்ச்சியை நேராக அலெக்சாந்திரியாவின் வீழ்ச்சியோடு முடிச்சுப்போட முடியாது. ஆனால் ஒன்று பெருகச் செய்த செல்வம், மற்றொன்றைத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என்று கருத இடமுண்டு.

தூதும் இங்கே உண்டு. போரைத் தவிர்க்கத் தொண்டைமானிடம் ஔவையாரை அனுப்பினான் அதியமான். பெண் புலவர் ஒருவரை அரசியல் தூதராக அனுப்பிய அந்நிகழ்ச்சிக்கு ஏதென்ஸின் வரலாற்றிலோ ரோமின் வரலாற்றிலோ இணை காட்டுவது கடினம்.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. இப்சஸ் போரை நாம் இன்று களத்தில் நின்றதுபோல் சொல்ல முடிகிறது, எழுதிவைத்தவர்கள் நூல் கைமாறி வந்ததால். தகடூர்ப் போரைப் பற்றியும் ஒரு தனி நூல் இருந்தது: தகடூர் யாத்திரை. அது முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் தொல்காப்பிய உரையிலும் சிதறிய பாடல்களே மிஞ்சின. ஒரு நாட்டின் போர்வரலாறு ஓலையோடு போய்விட்டது. இந்த வட்டாரத்து வயல்வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல் ஒவ்வொன்றும் அந்த இழப்பில் ஒரு துளியையாவது ஈடுகட்டும். மேய்ச்சல் தகராறில், ஊர்ச் சண்டையில், ஆநிரை மீட்பில் விழுந்தவனின் பெயர் அதில் இருக்கும். துவைக்கும் கல்லாக அது மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது ஊராரின் பொறுப்பு. எழுத்துள்ள கல்லைக் கண்டால் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

6. மீண்டும் ஜம்பைப் பாறை

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் யவன நாடு குலைந்தது. கி.பி. 215இல் கரகல்லா அலெக்சாந்திரியாவில் மக்களை வெட்டிக் குவித்தார். கி.பி. 270இல் பால்மைராவின் அரசி செனோபியாவின் படை எகிப்தையே பிடித்தது. செங்கடல் வழி மெலிந்தது. அதியர் குடி மட்டும் உடனே மறைந்துவிடவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்துப் போளூர் அருகே திருமலையில் விடுகாதழகிய பெருமாள் என்ற தகடூர்த் தலைவன், தன் முன்னோன் எழினி செய்வித்த திருமேனிகளைப் புதுப்பித்ததாகக் கல்லில் எழுதிவைத்தான்.

முடிக்குமுன் ஜம்பை வரியை இன்னொரு முறை பார்ப்போம். அதன் எழுத்தமைதியை வைத்து கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கி.பி. முதல் நூற்றாண்டு என்று கணித்தார். அசோகர் இறந்து முன்னூறு ஆண்டு ஆகியிருக்கும். மோரியப் பேரரசு எப்போதோ போய்விட்டது. பட்டியலிலிருந்த யவனர் ஐவரின் குலங்களும் அற்றுவிட்டன. வரியில் மற்றவையெல்லாம் தமிழ். முதல் சொல் மட்டும் பிராகிருதம். அதியமான் என்ற பெயரிலுள்ள ‘மான்’ மகன் என்பதன் திரிபு. சேரமான் என்பதில் உள்ளதும் அதுவே. ‘புதோ’ என்றாலும் மகன்தான். ஆக, சதியபுதோ என்பது அதியமான் என்ற பெயரின் வெளிநாட்டு வடிவம். பெண்ணையாற்றங்கரையில் ஒரு துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த தகடூர் மன்னன், அந்தச் சிறு வரியில் தன் குடிப்பெயரை இரண்டு முறை பொறிக்கச் சொல்லியிருக்கிறான்: ஒன்று தன் மக்கள் அழைக்கும் பெயர், மற்றொன்று அந்தியோக்கஸின் பெயரோடு ஒரே பாறையில் இருந்த பெயர்.